ஒரு கார்டு, நாலு மானிட்டர்

ஜூன் 3, செவ்வாய்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பெயிண்ட் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் என் மனைவி வடிவு இதன்மேல் சூடான பாத்திரம் இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. இருக்கட்டும். அலுவலகத்தில் நடப்பவற்றுக்கு ஒரு சாட்சி வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விவரம். பாளையங்கோட்டையில் மங்கையர்க்கரசி மேடத்தின் கட்டட வரைபட அலுவலகம். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டு, எஸ்டிமேட் கொடுப்போம். பிளான் வரைபவர் செல்வின் ஞானராஜ். எஸ்டிமேட் போடுபவன் ஆவுடையப்பன், அதாவது நான். எங்கள் இருவர் மேசையும் பதினோரு வருடமாக எதிரும் புதிருமாகக் கிடக்கின்றன. நாங்கள் பேச்சை நிறுத்தி இன்றோடு பத்தொன்பது நாள்.

காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. அற்ப விஷயம். நான் மறந்தே போய்விட்டேன். மே 15, வியாழக்கிழமை, காலை பத்து இருபதுக்கு நடந்தது.

இன்றைய செய்தி: மூடிப்போன ஒரு ஆபீசிலிருந்து மேடம் நாலு மானிட்டர் வாங்கி வந்திருக்கிறார்கள். மூன்று, இருபத்து நாலு அங்குலம். ஒன்று நாற்பத்து மூன்று அங்குலம். சாப்பாட்டு மேசையை நிமிர்த்தி வைத்த மாதிரி. எங்கள் கம்ப்யூட்டர்களோ கிழடு. ரெண்டு சின்ன மானிட்டருக்கு மேல் தாங்காது. மூன்று ஓட வேண்டும் என்றாலும், அந்தப் பெரியது ஒழுங்காக ஓட வேண்டும் என்றாலும், கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றை உள்ளே சொருக வேண்டுமாம்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு கார்டுதான் வாங்க முடியும்," என்றார்கள் மேடம். "வெல கொறஞ்சதா, உருப்படியானதா பாருங்க. யாரு கம்ப்யூட்டருக்குன்னும் நீங்களே முடிவு பண்ணி ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. மாசக் கடைசிக்குள்ள."

செல்வின் அந்தப் பெரிய மானிட்டர் முன்னால் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று அதைத் தடவிக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி. ஆசை.

ஜூன் 4, புதன்

மூன்று மானிட்டர் எனக்கு அவசியம். ஒன்றில் பிளான், ஒன்றில் எஸ்டிமேட், ஒன்றில் அரசு விலைப் பட்டியல். தொழில் ரீதியான தேவை.

டேப் வைத்து அளந்தேன். மூன்றையும் ஒட்டி வைத்தால் ஐந்தடி மூன்று அங்குல அகலம். என் மேசை ஐந்தடி. ஓரங்களைக் கொஞ்சம் வளைத்து வைத்தால் போதும். உயரம், செல்வினுடைய உச்சந்தலைக்கு மேலே இரண்டு விரற்கடை வருகிறது. இது தற்செயல்.

ஜூன் 7, சனி

ஜங்ஷனில் சுல்தான் பாய் கடைக்குப் போனேன். பாய்க்கு அறுபது வயது; மூக்கு நுனியில் கண்ணாடி. கண்ணாடி அலமாரியில் மூன்று காற்றாடி வைத்த ஒரு கார்டு சிவப்பும் நீலமுமாக மின்னியது. அதைக் காட்டினேன்.

"அது கேம் ஆடுததுக்கு அண்ணாச்சி. நீங்க என்ன செய்யப்போறிய?"

"எஸ்டிமேட்."

"செங்கல் எண்ணுததுக்கு இதா? முட்ட அவிக்க கல்யாணச் சமையக்காரரக் கூப்பிட்ட கதையால்ல இருக்கு."

பிறகு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பாடம் எடுத்தார். கார்டில் மானிட்டர் ஒயர் சொருக எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பார்க்கக் கூடாது, ஒரே நேரத்தில் எத்தனை மானிட்டர் எரியும் என்று கேட்க வேண்டும். மூன்று ஓட்டை வைத்து இரண்டுதான் எரிகிற கார்டெல்லாம் உண்டாம். படம் வரைய, கணக்குப் போட, வேகம் பெரிதாகத் தேவையில்லை, ஓட்டைதான் தேவை. நான் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டி, மூன்று எரிகிற ஒன்றை, "சேராட்டா திருப்பித் தருவேன்" என்று சொல்லி எடுத்து வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

கார்டு சேரவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் பெட்டி ஒல்லி. கார்டு உயரம். சொருகினால் மூடி மூடவில்லை. மூடியை அமுக்கினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. மூடாமலே விடலாம் என்று மேடத்திடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஒரு பல்லி உள்ளே போய்விட்டது. அதை வெளியே வரவழைக்க மதியம் வரை ஆனது.

எதிரே செல்வின் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இதை இங்கே சாட்சியாகப் பதிவு செய்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

வடிவு கேட்டாள்: "செல்வின் அண்ணன் கூட இன்னும் பேசலியா? அப்படி என்னதான் சொன்னாவ?"

சரி, எழுதிவிடுகிறேன். மே 14 அன்று தலைக்குச் சாயம் போட்டேன். முழு நரை கறுப்பானது. மறுநாள் ஆபீசில் பிளான் கேட்டு வந்த ஒரு கட்சிக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார், மேடமும் இருக்கிறார்கள். செல்வின் உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டு, சத்தமாக, "மேடம், ஆவுடையப்பன் சீட்டுல யாரோ ஒரு ஆளு உக்காந்திருக்காரு," என்றார். அந்தக் குடும்பம் சிரித்தது. கைக்குழந்தைகூடச் சிரித்தது. பிறகு செல்வினும் சிரித்தார்.

வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை நோக்கிப் போனாள். அவள் தோளும் குலுங்கியது.

ஜூன் 11, புதன்

கார்டு வராவிட்டால் என்ன, ஒத்திகை பார்க்கலாம் என்று மூன்று மானிட்டரையும் மேசையில் அடுக்கினேன். இரண்டு எரிகிறது, நடுவில் இருப்பது இருட்டு. அருமை! செல்வின் அடியோடு மறைந்துவிட்டார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக நிம்மதி. இருட்டு மானிட்டரில் என் முகம்தான் தெரிகிறது. சாயம் வேர்க்காலில் வெளுத்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

செல்வின் வேலை செய்கிறாரா என்று தெரியவில்லை. நாலு முறை எழுந்து நின்று பார்க்க வேண்டியதாயிற்று. அக்கறையெல்லாம் இல்லை, அலுவலக ஒழுங்கு. நான் பார்த்த நாலு முறையும் அவர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

பெரிய செய்தி. மகாராஜ நகர் வீட்டு பிளான் எஸ்டிமேட்டுக்கு வந்தது. குளியலறைக் கதவு அகலம் இரண்டடி ஆறு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில், இருபத்தாறு அடி என்று போட்டிருக்கிறார் செல்வின். தேர் உள்ளே போய்க் குளித்துவிட்டு வரலாம்.

தாளைப் பத்திரமாக என் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மேடத்திடம் காட்டப்போகிறேன். கட்சிக்காரர் யாராவது இருக்கும்போது காட்டினால் உத்தமம்.

ஜூன் 16, திங்கள்

காட்டவில்லை. கட்சிக்காரர் யாரும் வரவில்லை.

அதே பிளானில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாடிப்படி ஒவ்வொன்றின் உயரம் ஆறு அங்குலம் வர வேண்டியது எட்டு என்று இருக்கிறது. கட்டுகிறவர்கள் வயதானவர்கள், அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி என்று என்னிடமே சொன்னார்கள். பென்சிலால் நானே திருத்திவிட்டேன். கதவையும் திருத்தினேன். உதவி செய்யும் எண்ணமில்லை. எஸ்டிமேட் சரியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பதினோரு வருடத்தில் செல்வின் ஒரு கோட்டைத் தவறாகப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலை வருகிறதாம். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை.

"ஒரு அளவு தப்பாப் போனாலும் வேலை நம்ம கைய விட்டுப் போயிரும். சமீபமா பிளான்ல தப்பு வருதுன்னு கொத்தனார் சொல்லுதாரு. முடியலன்னா சொல்லிருங்க, வரையற வேலைய மட்டும் சென்னையில ஒரு ஆபீசுக்குக் குடுத்துருதேன்."

"தப்பு வராது மேடம்," என்றார் செல்வின். சொல்லும்போது மேடத்துக்கு ஒரு அடி இடது பக்கம் இருந்த பீரோவைப் பார்த்துச் சொன்னார்.

ஜூன் 18, புதன்

செல்வின் சாப்பிடப் போன நேரம், என் பேனா உருண்டு அவர் மேசைப் பக்கம் போய்விட்டது. (பேனா உருளவில்லை. நான் போனேன்.)

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றும் இட்லி அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார். ஒரு அறையைப் பார்த்தால் பக்கத்து அறை தெரியாது. வீட்டை மூலை மூலையாக, இருட்டில் தடவிப் பார்ப்பது போல வரைந்துகொண்டிருக்கிறார் மனுஷன். கீபோர்டுக்கு அடியில் ஒரு பூதக்கண்ணாடி. அதற்கு அடியில் ஒரு கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். ஆறடிக்கு மேல் விரல்களை எண்ண இயலவில்லை. தேதி, மே 14.

மே 14.

டேப்பை எடுத்து அவர் நாற்காலியிலிருந்து என் நாற்காலிக்கு அளந்தேன். ஏழடி இரண்டு அங்குலம்.

அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை நாளும் என் நரையை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டிருக்கிறார். எல்லோரும் சிரித்ததும், சமாளிக்கச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

தலைவலி. லீவு போடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

உயரக் கார்டைத் திருப்பிக் கொடுக்க பாய் கடைக்குப் போனேன்.

"நாப்பத்து மூணு இஞ்ச் மானிட்டர், எழுத்து பளிச்சுன்னு தெரியணும், ஒல்லிப் பெட்டி. என்ன கார்டு?"

"மூணு மானிட்டர்னு சொன்னிய?"

"இப்ப இதச் சொல்லுதேன்."

பாய் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு விளக்கினார். பெரிய திரையைப் பழைய வழியில் இணைத்தால் ஒன்று எழுத்து மங்கும், இல்லாவிட்டால் மவுஸ் அம்பு மாட்டு வண்டி மாதிரி நகரும். அதனால் டிஸ்ப்ளே போர்ட் என்கிற புது வகை ஓட்டை உள்ள கார்டு வேண்டும். உயரம் பாதியாக இருக்க வேண்டும். தனி கரண்ட் வயர் கேட்கக் கூடாது. எங்கள் பெட்டியின் பவர் சப்ளை அதைத் தாங்காது. இதெல்லாம் உள்ளதைப் புதிதாக வாங்கினால் மேடம் என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

பாய் மேசைக்கடியில் தேடி, ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து கையகல கார்டு ஒன்றை எடுத்தார். ஏதோ பெரிய ஆபீசில் ஓடிக் கழித்தது. சின்னச் சின்னதாக நாலு ஓட்டை. விளக்கு இல்லை, அலங்காரம் இல்லை.

"பழசுதான். ஆனா பதறாது. மூணு மாசம் நான் பொறுப்பு. ஒயர் மட்டும் புதுசா வாங்கிக்கிடுங்க, கஞ்சத்தனம் பண்ணி பழசப் போட்டுட்டு என்னத் திட்டாதிய."

இது என் மூன்று மானிட்டரையும் ஓட்டும், அந்தப் பெரியதையும் ஓட்டும். ஆனால் ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்க முடியும்.

ஜூன் 23, திங்கள்

மேடத்திடம் அறிக்கை கொடுத்தேன். நகல்:

"பல கார்டுகளை நேரில் ஆராய்ந்ததில், பயன்படுத்திய அரை உயரக் கார்டே நமக்குக் கட்டுப்படியாகும். இதைத் திரு. செல்வின் ஞானராஜ் அவர்களின் கம்ப்யூட்டரில் பொருத்தி, நாற்பத்து மூன்று அங்குல மானிட்டரை அவருக்கு வழங்கலாம். பள்ளிக்கூட பிளான் பெரிது. எனக்கு இரண்டு மானிட்டர் போதும். மூன்றாவது மானிட்டரைப் பார்த்தால் எனக்குக் கழுத்து வலிக்கிறது. இம்முடிவில் தனிப்பட்ட காரணம் எதுவும் இல்லை."

மேடம் படித்துவிட்டு, "கடைசி வரி எதுக்கு அண்ணாச்சி?" என்றார்கள்.

"பழக்கம் மேடம்."

ஜூன் 25, புதன்

கார்டைச் சொருகினேன். மூடி மூடியது. பல்லி எதுவும் இல்லை.

பெரிய மானிட்டர் எரிந்ததும் செல்வின் ஒரு பழைய வீட்டு பிளானைத் திறந்தார். முழு வீடும் ஒரே பார்வையில் விழுந்தது. கதவு, படி, தண்ணீர்த் தொட்டி, எல்லா எண்ணும். அவர் நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"வெளிச்சம் ஜாஸ்தி வே," என்றார்.

நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"கொறச்சுக்கிடும். கீழ பொத்தான் இருக்கு," என்றேன். என் பதிலும் மோசமில்லை.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவருடைய மானிட்டர் எங்கள் நடுவில் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. என் மூன்றும் சேர்ந்து மறைத்ததைவிட அந்த ஒன்று நன்றாக மறைக்கிறது. காது நுனிகூடத் தெரியவில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டேன்! மதியத்துக்குள் ஆறு முறை அந்தப் பக்கம் போய்வந்தேன். ஒயர் சூடாகிறதா என்று பார்க்க.

ஜூன் 26, வியாழன்

ஒயர் சூடாகவில்லை. ஒன்பது முறை.

ஜூன் 27, வெள்ளி

பத்தாவது முறை போனபோது செல்வின் திரும்பாமலே, "உக்காரும் வே," என்றார். உட்கார்ந்தேன்.

"ஒமக்கு எப்பம் தெரிஞ்சுது?"

"என்னது?"

"என் ஆஸ்பத்திரிச் சீட்ட நான் மடிச்சு வச்சிருந்தேன். நீரு விரிச்சு வச்சிட்டுப் போயிருக்கீரு."

எஸ்டிமேட்டில் ஒரு ஆணியை விடாத நான் இதை விட்டிருக்கிறேன்.

செல்வினுடைய மனைவி செல்வராணி மஸ்கட்டில் நர்ஸ். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். வீட்டில் ஒற்றை ஆள். கண் மங்குவதைக் கவனிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

"செல்வராணிகிட்ட சொன்னீரா?"

"சொன்னா அவ வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா. மேடத்துகிட்ட சொன்னா வேலை சென்னைக்குப் போயிரும். பயந்துட்டேன் வே. கண்ணு தெரியாத ஆளு பிளான் போடுதான்னு ஊர்ல ஒரு பேச்சு வந்துட்டா, அப்புறம் எவன் வருவான்?"

"மானிட்டர் எம்புட்டு பெருசானாலும் கண்ணு தெளியாதுவே."

"தெரியும்."

"அப்பம் எந்திரியும். மேடத்த இப்பமே பாத்துருவோம்."

"பொறுத்துப் பாப்போம்."

"பொறுத்துத்தான் இருபத்தாறு அடிக்கு கக்கூஸ் கதவு வச்சீரு."

அவருக்கு அது தெரியாது. வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். மேடம் எட்டிப் பார்த்து, "என்ன நடக்கு அங்க?" என்றார்கள். அப்படியே எழுந்து போய்ச் சொல்லிவிட்டோம்.

மேடம் முழுவதையும் கேட்டார்கள். பிறகு கோபப்பட்டார்கள். தவறான அளவுக்காக அல்ல. "இத்தன நாளு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா ரெண்டு பேருக்கும்? எங்க அப்பா காலத்துலேர்ந்து இங்க இருக்கிய!" நான் என்ன செய்தேன், என்னையும் ஏன் சேர்த்துத் திட்டினார்கள் என்று தெரியவில்லை.

முடிவு: பள்ளிக்கூட பிளானை இன்னும் எட்டு நாளில் முடிக்க வேண்டும். செல்வின் வரைவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அளவையும் சத்தமாக வாசிப்பேன். முடிந்த கையோடு ஆபரேஷன்.

ஜூலை 2, புதன்

காலையிலிருந்து கத்தி வாசித்ததில் தொண்டை கட்டிவிட்டது. "வகுப்பறை இருபதுக்கு இருபத்து நாலு" என்று நான் சொன்னால், "நாலா ஏழா? தெளிவாச் சொல்லும்வே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்கிறார். கண் தெரியாதவர் காதையாவது தீட்டி வைத்திருக்க வேண்டாமா?

ஜூலை 4, வெள்ளி

பிளான் போய்விட்டது. நான் மூன்று முறை சரி பார்த்தேன். மேடம் இரண்டு முறை.

ஜூலை 5, சனி

இடது கண் ஆபரேஷன் முடிந்தது. செல்வராணி மூன்று நாள் லீவில் வந்திருந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி. கணவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. கையை மட்டும் விடவே இல்லை. என்னைத்தான் கேட்டாள்: "எதுத்தாப்ல இருந்துட்டு ஒங்களுக்குக்கூடத் தெரியலியா அண்ணாச்சி?"

நடுவில் மூன்று மானிட்டர் இருந்தது என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 14, திங்கள்

பள்ளிக்கூட வேலை நமக்கே. மேடம் அல்வா வாங்கி வந்தார்கள். ஒரு அளவுகூடத் தவறில்லையாம்.

செல்வின் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்துவிட்டார். வந்ததும் என்னுடைய பழைய எஸ்டிமேட்டுகளைப் பெரிய திரையில் விரித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, நான் ஏப்ரலில் ஒரு வீட்டுக்கு ஜன்னலே போடாமல் விட்டதைக் கண்டுபிடித்தார். மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். இவருக்கா கார்டு வாங்கிக் கொடுத்தேன்?

மாலையில் என் மேசையை இழுத்து அவர் மேசைக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டேன். எதிரே மின்விசிறிக் காற்று சரியாக வரவில்லை.

ஜூலை 26, சனி

இன்று வலது கண். செல்வராணிக்கு மறுபடி லீவு கிடைக்கவில்லை; மகளுக்குப் பரீட்சை. நான்தான் கூடப் போனேன். வடிவு புளியோதரை கட்டிக் கொடுத்தாள்; அதில் பாதியை ஆட்டோவிலேயே செல்வின் தின்று தீர்த்தார்.

பச்சை உடுப்பு மாட்டி, எந்தக் கண் என்பதற்கு அடையாளமாக நெற்றியில் வலது பக்கம் ஒரு பிளாஸ்திரி ஒட்டி அவரை உட்கார வைத்திருந்தார்கள். நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தார்.

"கூட வந்தவங்க பேரு?"

"ஆவுடையப்பன்."

"நோயாளிக்கு என்ன உறவு?"

நான் யோசித்தேன். கூட வேலை பார்க்கிறவர் என்று சொல்லலாம். நண்பர் என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுவும் அவர் காதுபட.

"எதுத்த மேசை," என்றார் செல்வின்.

"அப்படியெல்லாம் எழுத முடியாது சார். கையெழுத்துப் போடணும்னா சொந்தமா இருக்கணும். அண்ணனா, தம்பியா?"

செல்வின் ஞானராஜ் என்ற பேரையும், ஆவுடையப்பன் என்ற பேரையும் நர்ஸ் ஒரு முறை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"தம்பின்னு போட்டுக்கிடுங்க," என்றார் செல்வின்.

அதுவரை நான் சும்மா இருந்தேன். இதை ஒத்துக்கொள்ள முடியாது. செல்வினைவிட நான் எட்டு மாதம் மூத்தவன். நர்ஸிடம் என் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினேன். செல்வின் தன்னுடையதைக் காட்ட மறுத்தார். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளேயிருந்து டாக்டரே எட்டிப் பார்த்து, என்ன தாமதம் என்று கேட்டார்.

நான் விடவில்லை. படிவத்தில் தம்பியை அடித்துவிட்டு, அண்ணன் என்று திருத்தி எழுதினார்கள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.